மகள் கல்யாணத்துக்கு வந்த மேளம்: ஐந்துக்கு நாலு

தை மாதம் நுவரெலியாவில் நடந்த என் இரண்டாவது மகளின் கல்யாணத்துக்கு வாசித்த மேளத்துக்கு ஐந்துக்கு நாலு போடுகிறேன். குறைத்த அந்த ஒன்று எதற்கென்று பின்னால் வரும். அதிலும் பாதி, மண்டபத்துக் கூரையின் கணக்கில் சேர வேண்டியது.

குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. மாத்தளைப் பக்கத்து ஆட்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளத்தையும் சுருதிப் பெட்டியையும் பார்த்துக்கொள்ள ஒரு பையன், ஆக ஐந்து பேர். நம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களுக்கு ஒழுங்காகப் போகிறவர்கள் நாலு இடத்தில் விசாரித்தாலே யாரென்று தெரிந்துவிடும்.

நான் சங்கீதம் படித்தவனில்லை. தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் டீமேக்கராக இருந்து பென்ஷன் வாங்கியவன். ஈரமும் சூடும் காற்றும் ஒரு பொருளை என்ன பாடு படுத்தும் என்பது மட்டும் கொஞ்சம் தெரியும். மேளம் பேசப் போன இடத்தில் ராக ஞானத்தைவிட அதுதான் எனக்குக் கைகொடுத்தது.

செலவைக் குறைக்க நினைக்கிற வீடுகளில் இப்போது பென்டிரைவ்தான் மேளம். அதில் வாசித்திருப்பவர்கள் பெரிய வித்துவான்கள், சுருதி பிசகாது, சாப்பாடு போட வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலும் முதலில் அந்தப் பேச்சு வந்தது. கொத்மலைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பார்த்ததைச் சொல்லித்தான் அதை நிறுத்தினேன். குருக்கள் கையைத் தூக்கி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கூப்பிடுகிறார். சவுண்ட்ஸ்காரத் தம்பி யாரிடமோ பேசிக்கொண்டு நிற்கிறார். மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு சபையைப் பார்க்கிறார், சபை பெட்டியைப் பார்க்கிறது. இரண்டாவது முடிச்சு விழும்போதுதான் சத்தம் வந்தது, அதுவும் ஒரு ஷாம்பு விளம்பரத்தோடு. பென்டிரைவ் வேலை செய்யவில்லை என்று போனில் இருந்து போட்டாராம்.

கெட்டிமேளம் எதற்கு? தாலி ஏறும் நேரத்தில் ஒரு தும்மல், ஒரு அபசகுனப் பேச்சு, எங்கேயோ ஒரு அழுகை எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்குத்தான். அந்த நொடி எப்போது வரும் என்று மிஷினுக்குத் தெரியாது. குருக்களின் மந்திரம் சில நாள் நீளும், சில நாள் சுருங்கும். கூறைச்சேலை மாற்றப் போன பெண் வரத் தாமதமாகும். இதையெல்லாம் பார்த்து வாசிக்க ஆள் வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு ஆசை. கண்டியில் ஒரு குழு இருக்கிறது, வயலின், கீபோர்ட், பேட், கூடவே பேருக்கு ஒரு நாதஸ்வரம். பியூஷன் என்கிறார்கள். வீடியோ காட்டினார்கள், நன்றாகத்தான் இருந்தது. வெள்ளை சோபா, பூ வளைவு, புகை எல்லாம் சேர்த்து எடுத்தது. நான் அவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: "குருக்கள் கை காட்டினதும் என்ன செய்வீங்க?" அந்தத் தம்பி மரியாதையாகவே பதில் சொன்னார்: "ஓடிக்கிட்டு இருக்கிற பாட்டு முடிஞ்சதும் கெட்டிமேளம் ட்ரெக் போட்டிருவோம் அங்கிள்." பாட்டு முடியும்வரை மாப்பிள்ளை முடிச்சுப் போடாமல் காத்திருக்க வேண்டும் போலிருக்கிறது. மாலை ரிசெப்ஷனுக்கு அவர்களைக் கூப்பிட்டிருக்கலாம். முகூர்த்தத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஹோட்டலில் கல்யாணம் வைத்தால் கண்டிய நடனக்காரரையும் பேக்கேஜில் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். சிங்களக் கல்யாணத்தில் போருவ மேடைக்கு மணமக்களைக் கூட்டிப் போகும்போது அந்த பெர மேளம் கேட்டால் உடம்பு சிலிர்க்கும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவர்கள் சடங்கோடு பிறந்த மேளம் அது. நம் மணவறைக்கு முன்னால் போட்டோவுக்காக மட்டும் வந்து நின்று ஆடிவிட்டுப் போவது அவர்களுக்கும் மரியாதையாக எனக்குப் படவில்லை.

என் மூத்த மச்சானுக்கு யாழ்ப்பாணத்து மேளம்தான் மேளம். அவர் ஆசையில் நியாயம் இருக்கிறது. தவிலில் தெட்சணாமூர்த்தியை விஞ்ச ஆளில்லை என்று இந்தியாவிலேயே சொல்ல வைத்த மண் அது. தெட்சணாமூர்த்தி 1975 இல் காலமானார். ஆனால் இன்றைக்கும் எங்கள் மச்சான் எந்தத் தவில்காரரைக் கேட்டாலும் தலையைச் சாய்த்து, "ம்ம், பரவால்ல" என்று ஒரு இழுவை இழுப்பார். அந்த இழுவைக்கு அளவுகோல் தெட்சணாமூர்த்திதான். அளவெட்டி, இணுவில் என்று ஊர் பேரைச் சொன்னாலே அவருக்கு நாயனம் கேட்கத் தொடங்கிவிடும்.

சரி, கேட்டுப் பார்ப்போம் என்று ஒரு குழுவிடம் பேசினோம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ-9 வீதி மட்டும் 321 கிலோமீற்றர். அதற்கு மேல் கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று மலையேறி வர வேண்டும். முகூர்த்தம் விடியக்காலை. ஆகவே முந்தின நாளே வந்து தங்க வேண்டும், திரும்பும்போதும் நடுவில் தங்க வேண்டும். வேன், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் மாத்தளைக்காரர் கேட்டதைப் போல இரண்டு மடங்கு வந்தது. அவர்கள் கேட்டதில் தப்பில்லை. தூரத்துக்குக் கூலி உண்டுதானே. எனக்கு இடித்தது வேறு: முப்பது பாகைச் சூட்டிலிருந்து புறப்படுகிற குழலும் தோலும் பத்துப் பாகையில் வந்து இறங்கினால் என்ன செய்யும்? அதைப் பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். முப்பது வருஷம் தொழிற்சாலையில் இந்த வார்த்தையைக் கேட்டவன் நான். யார் இதைச் சொன்னாலும் அன்றிரவு தூங்கமாட்டேன்.

மாத்தளைக் குழுவை நான் முதலில் கேட்டது முத்துமாரியம்மன் கோயில் மாசி மகத்தில். ஐந்து தேர் வரும் திருவிழா, கூட்டத்தில் நெல் போட்டால் தரைக்கு வராது. நல்ல வாசிப்பு என்று அன்றைக்குத் தோன்றியது உண்மை. ஆனால் என் மனதில் ஆணி அடித்தது வேறொன்று. வழியில் ஒரு இடத்தில் தேர் நின்றுவிட்டது, முட்டுக்கட்டை போட்டுச் சரிசெய்கிறார்கள், வடம் பிடித்தவர்களுக்கு ஒரு குரல் கேட்க வேண்டும். மூத்த நாயனக்காரர் தவில்காரரைப் பார்த்துப் புருவத்தைத்தான் அசைத்தார். அடுத்த அடியில் தவில் இரண்டும் விரல்நுனிக்கு இறங்கிவிட்டன. நாயனம் ஒரே சுரத்தில் நின்று மெல்லக் காத்திருந்தது. "இழு" என்ற குரல் கிளம்பிய அதே மூச்சில் மறுபடி பொங்கியது. அத்தனை சத்தத்துக்கு நடுவில் யாரும் அவர்களுக்கு எதையும் சொல்லவில்லை. அவர்களாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேசப் போனபோது இன்னொரு ஆச்சரியம். விலை பேசுவதற்கு முன்னால் அந்த மூத்த நாயனக்காரப் பெரியவர் என்னைத்தான் கேள்வி கேட்டார். மண்டபம் மூடினதா, பக்கம் திறந்ததா? கூரை ஓடா, தகரமா, உள்ளே சீலிங் உண்டா? முகூர்த்தம் எத்தனை மணிக்கு? மணவறையில் குருக்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார், நாங்கள் உட்காரும் இடத்திலிருந்து அவர் கை தெரியுமா? மைக் யார் போடுகிறார்கள்? கடைசியாக, "சமையல்கட்டு பக்கத்தில இருக்கோ ஐயா, விறகடுப்போ காஸ்ஸோ?" என்றார். அவர் அப்பா வடக்கிலிருந்து வந்தவராம், பேச்சில் அந்த வாடை இருக்கிறது. விறகடுப்பு என்றதும், "அப்ப சரி" என்று சிரித்தார். நான் கேட்க நினைத்து வைத்திருந்த கேள்வியை அவரே கேட்டுவிட்டதால், விலையில் அதிகம் இழுக்கவில்லை. வேனையும் சேர்த்து தொண்ணூறாயிரம், பாதி அட்வான்ஸ்.

மேளம் பேசப் போகிறவர்கள் என்ன பாட்டு வாசிப்பீர்கள் என்று லிஸ்ட் கேட்கிறார்கள். அது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் வாசிப்பார்கள். அவர்கள் நம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஒன்றுமே கேட்காமல் தேதியை மட்டும் எழுதிக்கொள்கிற குழுவிடம் எனக்கு நம்பிக்கை வராது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். தை மாத விடியலில் புல்லில் உறைபனி படிகிற ஊர். வேன் வந்து நின்றபோது இன்னும் இருட்டு. ஐந்து பேரும் மஃப்ளரும் குல்லாவுமாக இறங்கினார்கள், பையனைத் தவிர. அவன் மெல்லிய சட்டையோடு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். என் வீட்டுக்காரி தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தாள். ஊதா நிற லேடீஸ் ஸ்வெட்டர். கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்களில் அந்த ஸ்வெட்டர் தாளம் போடுகிறது.

தவில் இரண்டையும் நேராகச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒன்று பழைய வார்த் தவில், மற்றது இரும்பு வளையமும் நட்டும் போட்டது. நட்டுப் போட்டதை ஸ்பானரால் முறுக்கி இழுத்துவிடலாம். தோல் வாரால் கட்டினதற்கு அந்த வசதி இல்லை, தோலில் ஏறிய ஈரத்தைச் சூடுகாட்டித்தான் எடுக்க வேண்டும். மூத்த தவில்காரர் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, தவிலை மடியில் வைத்து, வலந்தலையை, அதாவது வலது பக்கத்துத் தோலை, நெருப்புக்குக் காட்டுவார், விரலால் ஒரு தட்டு, திருப்புவார், இன்னொரு தட்டு. முதலில் நனைந்த சாக்கில் அடித்த மாதிரி 'தொம்' என்றது. சமையல்காரர் பொங்கல் கிண்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் 'தொம்' இறுகி, இறுகி, ஒரு கட்டத்தில் 'ணங்' என்று பாத்திரங்கள் வரை அதிர்ந்தது. உடனே எழுந்துவிட்டார். "கூடக் காட்டினா கிழிஞ்சிரும்" என்றார். கொழுந்து வாடப் போட்ட தொட்டியில் எப்போது காற்றை நிறுத்த வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த பழைய பெரிய டீமேக்கரும் இப்படித்தான், கையால் ஒரு பிடி பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி நடப்பார்.

பெரியவர் நாயனத்தை வெளியில் எடுக்கவே இல்லை. உறையோடு போர்வைக்குள், நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார். சீவாளி ஒன்று வாயில் ஒரு ஓரமாக ஊறிக்கொண்டிருந்தது, அதனால் அவர் பேசியதெல்லாம் கொழகொழ என்று வந்தது. சீவாளி என்பது நாயனத்தின் முனையில் செருகி ஊதுவது, கொறுக்கைத் தட்டையில் செய்வது. காய்ந்தால் பேசாது, அதிகம் ஊறினால் கத்தும். மாற்றுச் சீவாளிகளும் அதைச் சுத்தம் செய்யும் ஊசியும் ஒரு நூலில் கோத்து நாயனத்தின் மேல்முனையில் தொங்கும், பார்த்திருப்பீர்கள். அழகுக்கு என்று நினைப்போம், அன்றைக்கு அவர் மூன்றாவதை மாற்றிய பிறகுதான் திருப்தியானார்.

அதற்குப் பிறகும் முதல் சில நிமிஷம் சுருதி சேரவில்லை. சபையில் மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். இதில் குழுவின் குறை எதுவும் இல்லை. காற்றின் சூடு ஒரு பாகை குறைந்தால் அதில் ஒலி ஓடும் வேகம் செக்கனுக்கு 0.6 மீற்றர் அளவில் குறையும். குழலின் நீளம் மாறாது, ஆகவே சுருதி இறங்கும். முப்பது பாகையில் சரியாக இருக்கிற குழல், உள்ளே இருக்கும் காற்று முழுக்கப் பத்துப் பாகைக்குப் போய்விட்டால், சுருதியை அளக்கிற கட்டைக் கணக்கில் அரைக்கட்டையின் பாதிக்கு மேலேயே இறங்கிவிடும். எலக்ட்ரொனிக் சுருதிப் பெட்டிக்குக் குளிராவது வெயிலாவது, அது போட்ட இடத்தில் நிற்கும். ஊத ஊத வாய்க்காற்றில் குழல் சூடேறினால்தான் இரண்டும் சேரும். பெரியவர் என்ன செய்தார் என்றால், பையனைப் பார்த்துக் கையைக் கீழே காட்டினார், அவன் பெட்டியின் சுருதியைக் கொஞ்சம் இறக்கினான். பிறகு விரல் துளைகளுக்குக் கீழே இருக்கிற பிரம்மசுரத் துளை ஒன்றில் மெழுகை நகத்தால் லேசாகச் சுரண்டினார். அப்புறம் நாட்டை ராகத்தில் ஆரம்பித்தது நிமிர்ந்து நின்றது. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வாசிக்கத் தொடங்கியதால் இதற்கெல்லாம் இடம் இருந்தது. மலையில் கல்யாணம் வைக்கிறவர்கள் மேளத்தை நேரத்தோடு கூப்பிட்டு, முகூர்த்தத்துக்கு முன்னால் ஊத விடுங்கள்.

தாய்மாமன் சீர் வந்தபோது வெளியில் இன்னும் பனிமூட்டம். மச்சான் தலைமையில் தட்டுகள் வரிசையாக வர, இரண்டு நாயனமும் ஒரு தவிலும் ரோட்டுமுனை வரை எதிர்கொண்டு போய் அழைத்து வந்தன. இவர்கள் வாசித்த பாரி நாயனத்தின் சத்தம் வெளியில்தான் முழுசாக விரியும். இரண்டரை அடிக்கு மேல் நீளம், கனத்த அடிக்குரல். பழைய காலத்துத் திமிரி நாயனம் நீளத்தில் குட்டை, சுருதி நாலு கட்டைக்குப் பக்கத்தில், மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். பாரி இரண்டு, இரண்டரைக் கட்டையில் நின்று தோளைத் தொட்டுப் பேசுகிற மாதிரி. மச்சான் அன்றைக்கு முதல் தடவையாக இழுக்காமல் தலையாட்டினார். தட்டைச் சுமந்துகொண்டிருந்ததால் என்று என் தங்கை சொல்கிறாள்.

நான் இந்தக் குழுவுக்கு நாலு போடக் காரணமான இடம் கன்னிகாதானம். மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்து நீர் வார்க்க வேண்டும், குருக்கள் இரண்டு பக்கத்து வம்சத்தையும் பேர் சொல்லி மூன்று தலைமுறை கூப்பிடுவார். அந்தப் பேர்கள் சபைக்குக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. என் தாத்தா கப்பலேறி வந்து கோப்பிக்காலத்தை அடுத்த தேயிலைக் காட்டில் உழைத்துச் செத்தவர், அவர் பேரை மைக்கில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இதை நான் மேளக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. குருக்கள் சங்கல்பத்துக்குச் சொம்பை எடுத்ததும் பெரியவர் நாயனத்தை மடியில் வைத்துவிட்டார். தவில்காரர்கள் கையைத் தோலின்மேல் படுத்தினார்கள். சுருதி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பேர்கள் மூன்றும் தெளிவாகக் கேட்டன. நீர் விழுந்த பிறகுதான் சின்னவர் மெல்ல ஆனந்தபைரவியை எடுத்தார், ராகத்தின் பெயரைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கெட்டிமேளம் எப்படி இருந்தது என்று சொல்ல என்னிடம் அதிகமில்லை. குருக்கள் கையைத் தூக்கினார், வார்த்தை முடியவில்லை, இரண்டு தவிலும் இடிபோல முழங்கின. மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டு முடிக்கும்வரை விடவில்லை. அட்சதை மழையில் எனக்கு எதுவும் தெரியவில்லை, கண்ணாடியில் மஞ்சள் அரிசி ஒட்டிக்கொண்டது.

இனி குறை. மைக் போட்டவர் மண்டபத்து ஆள், நாயனத்தின் அணசுக்கு, அதாவது விரிந்த கீழ்வாய்க்கு, நேரே ஒரு மைக், தவிலுக்கு ஒன்று என்று நட்டுவிட்டார். நாதஸ்வரம் தெருவுக்கும் கோயில் வீதிக்கும் செய்த வாத்தியம். மூடிய மண்டபத்தில் அதற்கு மைக் வைப்பது எதற்கு? தாழ்ந்த தகரக்கூரை வேறு. சம்பந்தி என் காதில் ஏதோ சொன்னார், நான் சிரித்துவைத்தேன், இன்றுவரை அது என்னவென்று தெரியாது. பெரியவர் மைக்கைத் திருப்பி வைக்கச் சொல்லி இரண்டு தடவை கைகாட்டினார், மண்டபத்து ஆள் கண்டுகொள்ளவில்லை. இது கூரையின் பங்கு.

குழுவின் பங்கு, பந்தி நேரத்தில். பெரியவர் சாப்பிடப் போய்விட்டார், சின்ன நாயனக்காரரும் இளைய தவில்காரரும் உட்கார்ந்தார்கள். சினிமாப் பாட்டு ஒன்று, கேட்டவர்கள் கைதட்டினார்கள், அடுத்தது, அடுத்தது. பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு சுற்றி நின்றதும் தவில்காரருக்குக் கை ஊறிவிட்டது, தனி ஆவர்த்தனம் தொடங்கிவிட்டார். கெட்டிக்காரப் பையன், விரல்கூடு போட்ட கை தோலில் ஓடுவது கண்ணுக்குப் பிடிபடவில்லை. வேறு நாளாக இருந்தால் நானும் சுற்றி நின்றிருப்பேன். ஆனால் பந்தியில் பதுளையிலிருந்தும் பசறையிலிருந்தும் வந்த கிழடுகள், வருஷக்கணக்கில் பார்க்காத சொந்தங்கள், ஒருத்தர் நலத்தை ஒருத்தர் கேட்க முடியாமல் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அக்கா காதில் மெஷின் வைத்திருப்பவர். அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பெரியவர் கையைக் கழுவிவிட்டு வந்துதான் அதை நிறுத்தினார். சடங்கில் அத்தனை கவனமாக இருந்த குழு சாப்பாட்டு நேரத்தைக் கச்சேரி மேடை என்று எடுத்துக்கொண்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பந்திக்கு ஒரு நாயனம், மெல்லிய தாளம், அவ்வளவு போதும். இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஊஞ்சலுக்கு நீலாம்பரியும் கடைசியில் மத்தியமாவதியும் முறையாக வந்தன. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

தப்பு மேளத்தைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் கல்யாணத்துக்குப் பின்னால் அதிகம் பேசப்பட்டது அதுதான். மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் தோட்டத்துப் பையன்கள் தப்படிக்கட்டும் என்று மகள் கேட்டாள். அக்காவுக்குக் கோபம்: "சாவு மேளத்தையா தம்பி கல்யாணத்துக்குக் கூட்டி வர்ற?" சாவுக்கு அடிக்கிற அடி வேறு, சாமிக்கு அடிக்கிற அடி வேறு, காமன் கூத்துக்கு வேறு. காலையில் தோட்ட வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குக் கூப்பிட்டதும் இதே தப்புத்தான். இதெல்லாம் அக்காவுக்கும் தெரியும். தெரிந்தும் தடுப்பது அடியை அல்ல, அடிக்கிறவரை. அதை நான் அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னேன், கொஞ்ச நாள் பேச்சில்லை. 2023 இல், நம் மக்கள் இந்த மலைக்கு வந்து 200 வருஷம் என்று, மலையகம் 200 என்ற பேரில் ஊரெல்லாம் மேடை போட்டு, தப்பு நம் அடையாளம் என்று கைதட்டினோம். மேடையில் அடையாளம், வீட்டு வாசலில் தீட்டு என்றால் எப்படி?

மேளக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. பெரியவர் யோசிக்கவே இல்லை. "அவங்க வாசல்ல, நாங்க உள்ள. ரெண்டும் ஒரே நேரத்தில வேணாம் ஐயா, தாளம் கலைஞ்சிரும். அவ்வளவுதான்." கேட்டுக்கு வெளியில் பையன்கள் காய்ந்த சருகும் கடுதாசியும் போட்டுத் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வார்த் தவில்காரர் பிளேன்டீயோடு போய் அந்தத் தீயில் கைகாய்ந்துகொண்டு நின்றார். தோலை எவ்வளவு காய்ச்ச வேண்டும் என்று ஏதோ பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளை கார் வந்ததும் தப்பு இறங்கியது, அந்தக் குளிரில் சம்பந்தி வீட்டுப் பெரிய மனுஷர்களே கோட்டைக் கழற்றிவிட்டு ஆடினார்கள். வாசலைத் தாண்டி மாப்பிள்ளை கால் வைத்ததும் அது நின்றது, உள்ளே நாயனம் எடுத்தது. பந்தியில் தப்புப் பையன்களும் மேளக்காரர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அக்கா அந்த வரிசைக்குப் பரிமாற வரவில்லை. பாயசம் மட்டும் கொடுத்தனுப்பினார்.

பணம்: பேசின தொகைக்கு மேல் யாரும் கேட்கவில்லை. றம்பொடைப் பக்கம் பனிமூட்டத்தில் வேன் ஊர்ந்து வந்ததாகச் சாரதி ஒரு இழு இழுத்துப் பார்த்தார், பெரியவர் அவரை அடக்கிவிட்டார். மிச்சத்தைச் சாப்பாடு முடிந்த கையோடு வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுத்தோம், நாயனக்காரருக்கும் தவில்காரருக்கும் வேட்டி சால்வை. விடியக்காலையில் அவர்களுக்குத் தயிரோ குளிர்ந்த தண்ணீரோ கொடுக்காதீர்கள், இஞ்சி போட்ட பிளேன்டீதான் கேட்பார்கள். சாப்பாட்டைக் கடைசிப் பந்திக்குத் தள்ளாதீர்கள். ஊதுகிறவருக்கு வயிறு காய்ந்தால் மூச்சு நிற்காது.

ஆவணியில் தம்பி மகன் கல்யாணம், பண்டாரவளையில். இதே குழுவைத்தான் பேசியிருக்கிறோம். பந்தியில் தனி வேண்டாம் என்று போனில் சொன்னேன். பெரியவர் சரி என்றார். பதிலுக்கு அவரும் ஒரு நிபந்தனை போட்டார்: மைக் போடுகிறவரிடம் நானே நேரில் பேச வேண்டுமாம்.